ஒன்பது தாள்களும் ஒரு கோப்பும்

கணிப்பொறிக் கலையைப் பற்றி எழுதுவதற்கு நமக்கு என்ன உரிமை உண்டு என்று வாசக அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது முறையே. நாம் பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேயில் எழுத்தராகச் சேர்ந்து, இன்று நஞ்சன்கூட்டில் பயணச் சீட்டும் பதிவேடுமாகக் காலம் கழித்து வருகிறோம். ஆயினும், சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நம் சங்கத்தின் வலைப்பக்கத்தால் நேர்ந்த ஒரு சங்கடமும், அதைத் தீர்க்கும்பொருட்டு நாம் கற்றுக்கொண்ட ஒரு சிறு பாடமும் நம் குடும்பங்கள் யாவற்றுக்கும் தொடர்புடையவை. ஆதலின் அவற்றை இங்கே எழுதத் துணிந்தோம்.

நஞ்சன்கூட்டுத் தமிழர் ஒரே தெருவில் வாழ்பவர் அல்லர். ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலைச் சுற்றிக் கடை வைத்திருப்போர் சிலர். தொழிற்பேட்டை ஆலைகளில் முறைவேலை பார்ப்போர் பலர். குண்டல்பேட்டைச் சாலையில் கட்டட வேலையும் தோட்ட வேலையும் செய்வோர் இன்னும் பலர். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறி வந்தவரும், நீலகிரியிலிருந்து பண்டிப்பூர் வழியாக இறங்கி வந்தவரும் இவர்களுள் உண்டு. பகலில் சொந்த ஊர் மிக அருகில் இருப்பதுபோலத் தோன்றும். இரவில் அப்படியன்று. பண்டிப்பூர்க் காட்டுச் சாலை 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு மணி வரை பொதுப் போக்குவரத்துக்கு அடைக்கப்படுகிறது. திம்பம் பாதையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு உண்டு. காட்டு விலங்குகளின் நலம் கருதிய ஏற்பாடு அது. அதில் நமக்குக் குறை இல்லை. ஆனால் அந்த ஒன்பது மணி நேரத்தில் ஊரிலுள்ள உடன்பிறந்தான் வந்து சேர்தல் அரிது. அடுத்த தெருவில் இருப்பவனே உடன்பிறந்தான்.

இதை எண்ணியே நம் சங்கத்தார், சம்மதம் தந்தவர்களின் பெயரும் எண்ணும் கொண்ட உதவிப் பட்டியல் ஒன்றை வலைப்பக்கத்தில் வைத்தனர். யாருக்கு எந்த வகை இரத்தம், யாரிடம் வண்டி உண்டு, மைசூர் மருத்துவமனைகளில் கன்னடம் பேசித் துணை நிற்க யார் வருவார் என்பவை அதில் இருந்தன.

ஆடி மாதத்து இரவொன்றில், பதினொரு மணியளவில், நம் கைபேசி ஒலித்தது. பேசியவர் தொழிற்பேட்டைத் தொழிலாளி ஒருவரின் மனைவி. நமக்கு முன்பின் பழக்கமில்லாதவர். கணவருக்குச் சாலையில் விபத்து, மைசூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், இரத்தம் வேண்டும்.

"அண்ணா, சங்கத்துப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். வெள்ளையாகவே நிற்கிறது, ஓர் எழுத்தும் வரவில்லை. பையில் பழைய இதழ் ஒன்று இருந்தது. அதன் பின்னட்டையில் உங்கள் எண்ணைக் கண்டேன்" என்றார்.

நாம் பட்டியலின் கையெழுத்துப் படியை எடுத்து வைத்துக்கொண்டு மூவரை எழுப்பினோம். இருவர் புறப்பட்டனர். விடியுமுன் வேண்டியது கிடைத்தது, அவர் பிழைத்தார். ஆனால் அந்த அம்மையார் வெள்ளைத் திரையைப் பார்த்தவாறு கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார் என்று பின்னர் அறிந்தபோது நமக்கு உறக்கம் கொள்ளவில்லை. ஏனெனில் அந்த வலைப்பக்கத்தைப் பேணும் பொறுப்பு நம்முடையது. அதை உருவாக்கிய இளைஞர் வேலை கிடைத்துப் புனேக்குச் சென்ற பின், "டிக்கெட் கணிப்பொறியில் வேலை செய்கிறவர்தானே" என்று சங்கத்தார் அதை நம் தலையில் வைத்திருந்தனர். நாமும் மறுக்காமல் ஏற்றுக்கொண்டோம், ஏற்றதோடு நின்றுவிட்டோம்.

அண்டை வீட்டு அன்பர் ஒருவரின் மகள் மைசூரில் பொறியியல் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துப் பக்கத்தைக் காட்டினோம். வீட்டு இணைப்பில் அது நன்றாகவே திறந்தது. "இதில் என்ன குறை அம்மா?" என்றோம். அவள் உலாவியிலேயே உள்ள ஓர் ஏற்பாட்டால் இணைப்பின் வேகத்தை வேண்டுமென்றே குறைத்துவிட்டு மறுபடி திறந்தாள். திரை வெளுத்து நின்றது. அதன் கீழே ஒரு படம் எழுந்தது. ஒவ்வொரு கோப்பும் எப்போது கேட்கப்பட்டது, எப்போது வந்து சேர்ந்தது என்று கோடுகளால் காட்டும் படம் அது. ஒரு கோடு முடிந்த இடத்தில் அடுத்தது தொடங்கி, அது முடிந்த இடத்தில் அதற்கடுத்தது தொடங்கி, கபிலை ஆற்றுப் படித்துறையைப்போல அவை படிப்படியாக இறங்கின.

"மாமா, இந்தப் படிக்கட்டுதான் நோய்" என்றாள் அவள்.

அவள் விளக்கியதை நம் மொழியில் சொல்லுவோம். வலைப்பக்கம் என்பது ஒரே பொருள் அன்று. சொல்ல வேண்டிய செய்தி ஒரு கோப்பில் இருக்கும். அச்செய்தி எந்த எழுத்தில், எந்த நிறத்தில், எந்த அகலத்தில் தோன்ற வேண்டும் என்னும் கட்டளைகள் வேறொரு கோப்பில் இருக்கும். பின்னதை ஸ்டைல் ஷீட் என்பர். நாம் ஒப்பனைத்தாள் என்போம். மாணவர்கள் சி.எஸ்.எஸ். என்று சொல்வது இதற்குரிய மொழியையே. நார்வே நாட்டவரான ஹோக்கோன் வியூம் லீ 1994-இல், ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது இம்முறையை முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் இதன் முதல் விதிமுறை வெளியாயிற்று. அதிலேயே ஒரு வசதி இருந்தது. ஓர் ஒப்பனைத்தாள் தன் தொடக்கத்தில் 'இம்போர்ட்' என்னும் கட்டளையை எழுதி, மற்றொரு தாளைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். அழைக்கப்பட்ட தாள் இன்னொன்றை அழைக்கலாம்.

நம் சங்கப் பக்கத்தில் அவ்வாறு ஒன்பது தாள்கள் சேர்ந்திருந்தன. முதல் ஆண்டில் ஒருவர் நிறத்துக்கு ஒரு தாள் எழுதினார், அடுத்தவர் எழுத்துருவுக்கு ஒன்று, பொங்கல் விழாவுக்கு ஒன்று, கைபேசிக்கு ஒன்று, அறிவிப்பைத் தாளில் அச்சிடுவதற்கு ஒன்று. யாரும் பழையதைத் தொடவில்லை. பழையதை அழைத்துக்கொண்டு புதியதை எழுதினர். முன்னோர் வைத்த பொருளைக் கலைக்கக் கூடாது என்ற நல்லெண்ணமே காரணம். நல்லெண்ணத்தால் விளைந்த படிக்கட்டு அது.

உலாவியின் இயல்பு என்னவென்றால், ஒப்பனைத்தாள்கள் வந்து சேருமுன் திரையில் எழுத்தைக் காட்டத் தயங்கும். அரைகுறைக் கோலத்தில் பக்கத்தைக் காட்டிப் பின் அதை மாற்றிக் குழப்பலாகாது என்பது அதன் எண்ணம். ஒரு தாள் வந்த பிறகுதான் அதற்குள் இன்னொரு தாளின் அழைப்பு இருப்பது அதற்குத் தெரியவரும். தெரிந்த பின்னரே கேட்கும். கேட்ட பின்னரே காத்திருக்கும்.

நம் தொழிலிலிருந்து ஓர் உவமை சொல்லுவோம். நஞ்சன்கூட்டிலிருந்து இராமேசுவரம் செல்லும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முழு வழியும் எழுதிய சீட்டு அவர் கையில் இருந்தால் கவலை இல்லை. அதற்கு மாறாக, "மைசூருக்குச் செல்லுங்கள், அடுத்த ஊர் எதுவென்று அங்கே சொல்வார்கள்" என்று நாம் அனுப்பிவிட்டால் என்னாகும்? மைசூரில் வரிசையில் நின்று கேட்பார், பெங்களூர் என்பார்கள். பெங்களூரில் மறுபடி வரிசை, சேலம் என்பார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் இல்லையெனில் எப்படியோ போய்ச் சேருவார். ஒரு நிலையத்தில் சாளரம் மூடியிருந்தால் அங்கேயே நிற்பார். வீட்டிலிருந்த நல்ல இணைப்பு கூட்டமில்லாத நாளைப் போன்றது. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஒற்றைக் கோடாகத் தேய்ந்த அலைவரிசையில், அந்த அம்மையார் நின்றதோ திருவிழா நாளில்.

இக்குறை புதியதன்று என்பதையும் அவள் சொன்னாள். ஸ்டீவ் சவுடர்ஸ் என்பவர் வலைத்தளங்களின் வேகத்தைப் பற்றி 2007-இல் எழுதிய நூலின் முதல் விதியே, உலாவி கோப்புக் கேட்கும் தடவைகளைக் குறையுங்கள் என்பதுதான். 2015-இல் எச்.டி.டி.பி.யின் இரண்டாம் பதிப்பு வந்தபின் ஒரே இணைப்பில் பல கோப்புகளை ஒருங்கே பெறுவது எளிதாயிற்று. ஆகவே ஒட்டுவது வீண்வேலை என்று சிலர் கருதினர். பக்கம் பக்கமாக நிற்கும் கோப்புகளுக்கு அது ஓரளவு பொருந்தும். சங்கிலிக்குப் பொருந்தாது. மூன்றாம் தாள் ஒன்று உண்டு என்பதையே அறியாத உலாவி, அதை எவ்வாறு முன்கூட்டிக் கேட்கும்?

"ஒன்பதையும் ஒன்றாக்கிவிட்டால் தீர்ந்தது" என்று சொல்லிவிட்டு அவள் மாலை வண்டிக்குப் புறப்பட்டாள். அடுத்த ஞாயிறு வரை பொறுத்திருக்கலாம். நாம் பொறுக்கவில்லை. கோப்புகளை ஒட்டுவதற்கு 'கேட்' என்றொரு கட்டளை உண்டு என்று படித்தோம். கணிப்பொறியின் கருந்திரையில் ஒரு வரியாகத் தட்டச்சுச் செய்ய வேண்டிய கட்டளை. 1971-இல் யுனிக்ஸ் அமைப்பின் முதல் பதிப்பிலேயே இருந்தது. அதைக் கொண்டு ஒன்பது தாள்களையும் ஒரே கோப்பாக ஒட்டி, இரவோடு இரவாகப் பக்கத்தில் ஏற்றினோம். பக்கம் மின்னலைப்போல் திறந்தது. மகிழ்ச்சியோடு படுத்தோம்.

காலையில் சங்கத் தலைவர் அழைத்தார். "தம்பி, பக்கம் விரைவாக வருகிறது, உதவிப் பட்டியலை மட்டும் காணோமே?" என்றார்.

நமக்குக் கை நடுங்கிற்று. எந்தப் பட்டியலுக்காக இவ்வளவு பாடுபட்டோமோ அதுவே மறைந்துவிட்டது. அன்று மாலை கைபேசியில் அந்தப் பெண் சொல்லச் சொல்ல, நாம் செய்த பிழைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன.

முதற்பிழை, நிபந்தனையைத் தொலைத்தது. அச்சுக்குரிய தாள், "அச்சிடும்போது மட்டும்" என்ற நிபந்தனையோடு அழைக்கப்பட்டிருந்தது. விழா அறிவிப்பை அச்சிடுகையில் பட்டியல் வேண்டாம் என்று அதில் மறைத்திருந்தனர். நாம் தாளை ஒட்டினோம். நிபந்தனை அழைப்பு வரியிலேயே தங்கிவிட்டது. ஆகவே அச்சுக்கென்று எழுதிய கட்டளை திரைக்கும் செல்லுபடியாகிப் பட்டியலை விழுங்கிற்று.

இரண்டாம் பிழை, வரிசையைக் குலைத்தது. கோப்புகள் ஆங்கிலப் பெயரின் அகர வரிசையில் ஒட்டிக்கொண்டன. ஒப்பனைத்தாளின் சட்டப்படி, சம வலிமையுள்ள இரு கட்டளைகள் முரண்பட்டால் பின்னால் வந்ததன் சொல்லே நிற்கும். ஆதலால் யார் முன், யார் பின் என்பது சிறிய செய்தி அன்று. பங்குனியில் நம் ஊரில் நடக்கும் பெரிய தேர்த்திருவிழாவை அறியாதார் இல்லை. ஐந்து தேர்கள் புறப்படுகின்றன. பிள்ளையார் தேர் முன்னே செல்ல, மற்றவை தத்தம் முறையில் பின்தொடர்கின்றன. வடம் பிடிக்க ஆள் கிடைத்ததென்று எந்தத் தேரையும் எப்போது வேண்டுமானாலும் இழுத்துவிட முடியுமா? நாம் அப்படித்தான் இழுத்தோம். பொங்கல் தாளின் பெரிய எழுத்து, கைபேசித் தாளின் சிறிய எழுத்தை மிதித்து நின்றது.

மூன்றாம் பிழை, முகவரியை மறந்தது. எழுத்துருவை அழைக்கும் தாள், "என் பக்கத்து அறையில் உள்ளது" என்று அதன் இருப்பிடத்தைக் குறித்திருந்தது. தாளை வேறோர் இடத்துக்கு நாம் மாற்றிவிட்டபின், பக்கத்து அறை வேறு அறையாகிவிட்டது. குடிபெயர்ந்த நமக்கு இது விளங்காத செய்தி அன்று. "கோயிலுக்கு எதிர்த்த வீடு" என்ற முகவரி, கோயில் இருக்கும் ஊரில்தான் செல்லும்.

இந்த மூன்றையும் கவனித்துச் செய்வதற்கென்றே கருவிகள் உள்ளன. ஈ.எஸ்.பில்ட் என்பது ஒன்று. எவன் வாலஸ் என்பவர் 2020-இல் வெளியிட்டது. லைட்னிங் சி.எஸ்.எஸ்., கிளீன் சி.எஸ்.எஸ். முதலியவையும் தாள்களை ஒன்றாக்கும் பணியைச் செய்வன. இவை யாவும் விலையின்றிக் கிடைக்கின்றன. படம் பார்த்துச் சுட்டும் கருவிகள் அல்ல இவை; கருந்திரையில் ஒரு வரி எழுதி இயக்க வேண்டியவை. கருவியின் பெயர், முதல் தாளின் பெயர், 'பண்டில்' என்ற சொல், வெளிவரும் கோப்பின் பெயர், இவ்வளவே அந்த வரி.

கருவி செய்வது என்ன? முதல் தாளை எடுத்து, எழுத்தெழுத்தாக அல்லாமல் பொருள் உணர்ந்து படிக்கிறது. அழைப்பு வரி ஒன்றைக் கண்டால் அழைக்கப்பட்ட தாளைத் தேடிச் சென்று அதையும் படிக்கிறது. அதற்குள் இன்னொரு அழைப்பு இருந்தால் அதையும் தொடர்கிறது. அடிமட்டம் வரை இறங்கிய பிறகு, எது எதை நம்பி நிற்கிறது என்ற முறை மாறாமல், ஒவ்வொரு தாளையும் அழைப்பு இருந்த இடத்திலேயே பொருத்துகிறது. "அச்சுக்கு மட்டும்" என்ற நிபந்தனை இருந்தால் அந்தத் தாளின் கட்டளைகளை அந்நிபந்தனைக்குள்ளேயே அடைத்து வைக்கிறது. ஒரே தாளை இருவர் அழைத்திருந்தால், உலாவியின் சட்டப்படி கடைசி அழைப்பின் இடமே கணக்கு என்பதை அறிந்து அங்கே ஒருமுறை மட்டும் வைக்கிறது. இட முகவரிகளைப் புதிய இடத்துக்கு ஏற்பத் திருத்துகிறது. விரும்பினால் வீண் இடைவெளிகளையும் குறிப்புகளையும் நீக்கிக் கோப்பைச் சிறிதாக்குகிறது.

நாம் முதலில் இயக்கியபோது கருவி வேலையை நிறுத்திவிட்டது. எழுத்துருக் கோப்பை என்ன செய்வதென்று நீர் சொல்லவில்லையே என்று கேட்டது. நமக்கு அது பிடித்திருந்தது. தெரியாததைத் தெரிந்ததுபோல் செய்யாமல் மேலதிகாரியைக் கேட்கும் எழுத்தரை யார்தான் விரும்பார்? எழுத்துருவைத் தனிக் கோப்பாகப் படியெடுத்து வெளிவரும் கோப்பின் அருகில் வைக்குமாறு ஒரு சொல் சேர்த்தோம். கோப்பு பிறந்தது. பக்கம் திறந்தது. பட்டியல் தன் இடத்தில் இருந்தது.

ஆயினும் கதை முடியவில்லை. வேகத்தைக் குறைத்துச் சோதித்தபோது சிற்சில வேளைகளில் திரை இன்னும் வெளுத்து நின்றது. படத்தைப் பார்த்தோம். படிக்கட்டு மறைந்திருந்தது; ஒரே ஒரு நீண்ட கோடு மட்டும் எஞ்சியிருந்தது. தமிழ் எழுத்துருவுக்காக வெளியார் தளம் ஒன்றிலிருந்து ஒரு தாளை யாரோ அழைத்திருந்தனர். அத்தளம் சில நேரம் விடை தரும். சில நேரம் தராது. வெளியார் தளத்துத் தாள்களைக் கருவி நம் கோப்பில் சேர்ப்பதில்லை. அழைப்பை அப்படியே விட்டுவிடுகிறது. மாற்றார் பொருளைக் கேளாமல் எடுக்கலாகாது என்பது அதற்கும் தெரியும் போலும். அன்று இரவு அந்த அம்மையாரைக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்ததில் இந்தக் கோட்டுக்கே பெரும்பங்கு என்று நாம் எண்ணுகிறோம்.

தமிழ் எழுத்து அழகாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கின்றனர். தமிழை எழுத்துக் கூட்டியே வாசிக்கின்றனர். மங்கிய எழுத்து அவர்களுக்குப் பெருந்தடை. ஆகவே எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் பெற்று, நம் தளத்திலேயே வைத்தோம். அது வரத் தாமதமானால் கைபேசியிலுள்ள எழுத்திலேயே முதலில் காட்டு என்று உலாவிக்கு ஒரு கட்டளையும் எழுதினோம். நீண்ட கோடு மறைந்தது.

இனி ஓர் எச்சரிக்கை. ஒன்றான கோப்பைக் கண்டு மகிழ்ந்து, பழைய ஒன்பது தாள்களையும் எறிந்துவிட இருந்தோம். அந்தப் பெண் தடுத்தாள். "மாமா, திருத்துவதற்கு ஒன்பதுதான் வசதி. அனுப்புவதற்கு ஒன்றுதான் வசதி. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள். நிலையத்தில் நாமும் அவ்வாறே அன்றோ செய்கிறோம்? வரவுக்கு ஒரு பதிவேடு, பொதிக்கு ஒன்று, திருப்பிக் கொடுத்த தொகைக்கு ஒன்று என்று நம் மேசையில் தனித்தனியே இருக்கின்றன. பிரித்து வைப்பது வேலை செய்கிறவனுக்காக. சாளரத்துக்கு வெளியே நிற்பவரிடம் அத்தனை பதிவேடுகளையும் நீட்டுவதில்லை. ஒரு சீட்டைக் கொடுக்கிறோம். சேர்த்துக் கொடுப்பது கேட்டு வந்தவருக்காக. நம் வலைப்பக்கம் அதுகாறும் பதிவேடுகளையே நீட்டிக்கொண்டிருந்தது. இப்போது பொங்கல் தாளைத் திருத்த வேண்டுமானால் பொங்கல் தாளையே திருத்துகிறோம். பின் கருந்திரையில் அந்த ஒரு வரியை இயக்குகிறோம். சிறு திருத்தத்துக்கும் வாசகர் முழுக் கோப்பையும் மறுபடி பெற வேண்டியிருக்கிறது. அது இம்முறையின் செலவு. நம் பக்கத்தைப்போல் மாதம் ஓரிருமுறை மாறும் பக்கத்துக்கு அது பெரிதன்று.

தைத் திங்களில் அந்த அம்மையாரும் அவர் கணவரும் ஊருக்குச் செல்ல நிலையத்துக்கு வந்தனர். அவர் சற்றே காலைத் தாங்கி நடந்தார். அலைவரிசை குறைவாக உள்ள நடைமேடைக் கோடியில் நின்றுகொண்டு, அம்மையார் கைபேசியில் சங்கத்துப் பக்கத்தைத் திறந்து நம்மிடம் காட்டினார். எழுத்துகள் வந்தன. "இப்போது வருகிறது அண்ணா. ஆனாலும் இதை விடமாட்டேன்" என்று கூறி, பையிலிருந்த பழைய இதழைத் தொட்டுக் காட்டினார். மடித்து மடித்து அதன் பின்னட்டை கிழிந்திருந்தது. நாம் புது இதழ் ஒன்றை அவரிடம் கொடுத்தோம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். பக்கம் விரைவாகத் திறப்பதால் மட்டும் பயன் இல்லை. அதிலுள்ள எண்ணை அழைத்தால் ஆள் எடுக்க வேண்டும். அன்று நாம் எழுப்ப முயன்ற முதல் இருவரின் எண்கள் மாறிப்போயிருந்தன. ஆகவே எண் மாறியவர்களும், வீடு மாறியவர்களும், பட்டியலில் புதிதாகச் சேர விரும்புகிறவர்களும் இம்மாத இறுதிக்குள் சங்கச் செயலாளரிடமோ, மாலை ஐந்து மணிக்குப் பின் நிலையத்தில் நம்மிடமோ தெரிவிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம். பின்னட்டையிலும் அவற்றை அச்சிடுவோம்.